பின்தங்கியவர் எப்போது விலகுவது: பிப்ரவரியிலா, ஜூனிலா, ஆகஸ்டிலா?

2008 மே 6 அன்று இந்தியானா பிரைமரியில், அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உட்கட்சி ஓட்டுப் பதிவில், ஹிலாரி கிளிண்டன் ஒரு சதவீதச் சொச்சத்தில் தப்பிப் பிழைத்தார். அதே நாளில் வட கரோலினாவில் ஒபாமா சுமார் 14 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதில் இனி சந்தேகமே இல்லை என்று அன்று இரவே என்பிசி டிவியில் அரசியல் செய்தியாளர் டிம் ரஸ்ஸர்ட் சொல்லிவிட்டார். ஹிலாரி என்ன செய்தார்? மறுநாளே மேற்கு வர்ஜீனியாவுக்கு ஓட்டுக் கேட்கப் போனார், அடுத்த வாரம் அங்கே 67-க்கு 26 என்று ஒபாமாவைத் துவைத்து எடுத்தார், அப்படி எடுத்த பிறகும் மொத்தக் கணக்கில் பின்னால்தான் நின்றார்.

இந்த நிலையில் இருக்கிற வேட்பாளருக்கு மூன்று வழிகள் உண்டு. தேறாது என்று தெரிந்தவுடனே, பிப்ரவரி மார்ச்சிலேயே விலகி, முன்னால் இருப்பவருக்கு ஆதரவு சொல்லிவிடலாம். கடைசி மாநிலம் ஓட்டுப் போடும் ஜூன் வரை நின்றுவிட்டு விலகலாம். அல்லது வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கோடைகாலக் கட்சி மாநாடு வரை இழுத்து, அங்கே மேடையில் மோதிப் பார்க்கலாம். மூன்றையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு என்ன கிடைத்தது, கட்சிக்கு என்ன ஆனது என்று பார்த்தால் ஒரு விஷயம் ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, கடைசி வரை உட்கார்ந்து மாட்டினால் 80. பிரைமரியும் அப்படித்தான், காத்திருக்கக் காத்திருக்க நஷ்டம் ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், கட்சிப் பெரியவர்கள் மார்ச்சிலேயே விலகச் சொல்லி நச்சரிப்பதும் அதனால்தான். என் கணக்கு வேறு. மார்ச்சிலிருந்து ஜூன் வரை கட்சிக்கு நஷ்டம் பெரிதாக ஏறுவதில்லை, சில சமயம் லாபம்கூட. ஓட்டுப் பதிவு முடிந்த பிறகும் நிற்கிறார் பாருங்கள், அங்கேதான் ஒரேயடியாக ஏறுகிறது.

முதலில் டெலிகேட் கணக்கு. இது புரியாவிட்டால் தோற்கிற ஆள் ஏன் நிற்கிறார் என்பதே புரியாது. ஒவ்வொரு மாநிலமாக ஓட்டுப் போட்டு, மாநாட்டுக்குப் போய் வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் பிரதிநிதிகளை, அதாவது டெலிகேட்டுகளைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் தாண்டிய எல்லோருக்கும் வாக்கு விகிதப்படி பங்கு உண்டு. இதனால் பின்தங்கியவர் ஒரே அடியில் சாகவும் மாட்டார், எழுந்து எட்டிப் பிடிக்கவும் மாட்டார். 2008 பிப்ரவரி 5, பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாய். ஐடஹோ என்கிற குட்டி மாநிலத்தின் காகஸில் (கட்சிக்காரர்கள் நேரில் கூடித் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) ஒபாமா 15-3 என்று ஜெயித்து 12 டெலிகேட் முன்னிலை எடுத்தார். அதே நாளில் நியூ ஜெர்சி மாதிரி பெரிய மாநிலத்தில் ஹிலாரி ஜெயித்து எடுத்த முன்னிலை 11, ஏனென்றால் அங்கே பங்கு 59-48. டெக்சாஸ் இன்னும் வேடிக்கை: பிரைமரியில் ஹிலாரி ஜெயித்தார், அன்றிரவே நடந்த காகஸில் ஒபாமா ஜெயித்தார், இரண்டையும் கூட்டினால் ஒபாமாவுக்கே அதிக டெலிகேட்டுகள். பிப்ரவரியில் வரிசையாக 11 போட்டிகளில் ஒபாமா ஜெயித்திருந்ததால் விழுந்த இடைவெளி 100-க்கும் மேல், அதை மூட ஹிலாரி மிச்சமிருந்த மாநிலங்களில் எல்லாம் 60 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டியிருந்தது. நடக்கிற காரியமில்லை. சூப்பர் டெலிகேட்டுகள் என்று, மாநில முடிவுக்குக் கட்டுப்படாத கட்சிப் பெரிய மனிதர்கள் சுமார் 800 பேர் இருந்தார்கள், அவர்கள் மொத்தமாக இந்தப் பக்கம் சாய்ந்தால் உண்டு.

சரி, அப்படியானால் பிப்ரவரி கடைசியிலேயே விலகியிருக்கலாமே? இந்த வழி சிலருக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அதே 2008-ல் குடியரசுக் கட்சியில் மிட் ராம்னி பிப்ரவரி 7 அன்றே நிறுத்திக்கொண்டார், ஒரு வாரத்தில் முன்னால் இருந்த மெக்கெயினுக்கு ஆதரவு சொன்னார், 2012-ல் அவரே கட்சியின் வேட்பாளர். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் இன்னும் வேகம், 2019 டிசம்பர் 3 அன்றே, ஒரு மாநிலம்கூட ஓட்டுப் போடும் முன்பே விலகிவிட்டார். அடுத்த ஆகஸ்டில் பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அழைத்தார்.

ஆனால் ராம்னியும் கமலாவும் அப்போது வெறுங்கையோடு இருந்தவர்கள் அல்லது ஆகப் போகிறவர்கள். ஹிலாரி அப்படி இல்லை. மார்ச் 4 முதல் ஒஹையோ, ரோட் ஐலண்ட், டெக்சாஸ் பிரைமரி, பென்சில்வேனியா, இந்தியானா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, போர்ட்டோ ரிக்கோ, தெற்கு டகோட்டா என்று ஒன்பது இடங்களில் ஜெயித்தவரை எந்த முகத்தோடு பிப்ரவரியிலேயே போகச் சொல்வது? அவரை ஆதரித்த பெண்களுக்கும் தொழிற்சங்கக்காரர்களுக்கும் தங்கள் ஓட்டு எண்ணப்படும் முன்பே ஆளைத் தள்ளிவிட்டார்கள் என்ற கசப்பு நவம்பர் வரை இருந்திருக்கும். சீக்கிரம் விலகினால் கட்சி ஒன்றுபடும் என்பது மேலே இருப்பவர்களின் கணக்கு. கீழே ஓட்டுப் போடுகிறவர்கள் விலகச் சொன்னவர்களைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

அடுத்து ஆகஸ்ட். இதற்குக் கொடி பிடிக்கிறவர்கள் எல்லோரும் 1976 ரேகனைக் காட்டுவார்கள், காட்டத் தகுந்த கதையும்தான். குடியரசுக் கட்சியில், பதவியில் இருந்த அதிபர் ஃபோர்டை எதிர்த்து நின்று நியூ ஹாம்ப்ஷயர், ஃபுளோரிடா, இல்லினாய் என்று வரிசையாகத் தோற்றார், கையில் காசு இல்லை, கடன் வேறு, சொந்தக் கட்சி ஆட்களே விலகச் சொன்னார்கள். மார்ச் 23 அன்று வட கரோலினாவில் ஜெயித்தார், மே 1 அன்று டெக்சாஸை முழுதாக வாரினார், கேன்சஸ் சிட்டி மாநாட்டில் 1,187-க்கு 1,070 என்று மயிரிழையில்தான் தோற்றார். நவம்பரில் ஃபோர்டு ஜனநாயகக் கட்சியின் கார்ட்டரிடம் தோற்றுப் போனார், 1980-ல் ரேகன் அதிபர். (வாஷிங்டன் மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் எலெக்டர் ஒருவர் 1976-லேயே ஃபோர்டுக்குப் போட வேண்டிய ஓட்டை ரேகனுக்குப் போட்டார். பிடிவாதம் என்றால் அது.)

இந்தக் கதையில் ரேகனுக்கு லாபம், கட்சிக்கு வெள்ளை மாளிகை போயிற்று. இந்த முரணைத்தான் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மாநாடு வரை மோதியவருக்குப் பலன் கிடைக்க வேண்டுமானால் தன் கட்சி அந்த நவம்பரில் தோற்க வேண்டும். கட்சி ஜெயித்துவிட்டால் அவர் எட்டு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு மாநாட்டில் ஒற்றுமை நாடகம் போட்டால் யார் நம்புவார்கள்?

கட்சி தோற்றாலும் லாபம் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை, 1980 எட்வர்ட் கென்னடியைப் பாருங்கள். பதவியில் இருந்த தன் கட்சி அதிபர் கார்ட்டரிடம் ஆரம்பத்திலிருந்தே அடி. நடுவில் நியூ யார்க், கடைசி நாளில் கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் என்று சில பெரிய மாநிலங்களை ஜெயித்தார், ஆனால் ஜூனிலேயே தேவையான 1,666-ஐ விட கார்ட்டரிடம் அதிக டெலிகேட்டுகள் இருந்தன. கென்னடி விடவில்லை. டெலிகேட்டுகள் தங்கள் மாநில முடிவுப்படிதான் ஓட்டுப் போட வேண்டும் என்ற விதியையே எடுத்துவிடச் சொல்லி மாநாட்டில் வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார், அதிலும் தோற்றார், அப்புறம்தான் விலகினார். அந்த மாநாட்டில் அவர் பேசிய பேச்சை இன்றும் சொல்கிறார்கள். அதே அளவுக்கு நினைவில் இருப்பது கடைசி நாள் மேடை: கார்ட்டர் கென்னடியின் பக்கத்தில் பக்கத்தில் போகிறார், கையைக் கோத்து உயர்த்தும் படம் ஒன்று கிடைக்காதா என்று, கென்னடி கைகுலுக்கிவிட்டு நகர்ந்து போய்க்கொண்டே இருக்கிறார். பதவியில் இருக்கிற அதிபர் தன் மாநாட்டு மேடையிலேயே ஒருவர் பின்னால் அலைந்ததை நாடே டிவியில் பார்த்தது. நவம்பரில் 44 மாநிலங்களில் தோல்வி. கென்னடி அதன் பிறகு அதிபர் பதவிக்கு நிற்கவே இல்லை.

நியாயமாகச் சொன்னால், விலைவாசியும் ஈரான் பணயக் கைதிகளும் இருந்த வருடத்தில் கென்னடி இல்லாவிட்டாலும் கார்ட்டர் தோற்றிருப்பார். பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்து ஒருவர் துணிந்து நிற்கிறார் என்றாலே அந்த அதிபர் ஏற்கெனவே பலவீனம் என்றுதான் பொருள், நோயையும் மருத்துவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கார்ட்டர் தரப்பு ரேகனோடு மோதியிருக்க வேண்டிய நேரத்தில் கென்னடியோடு விதிமுறைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, அதில் சந்தேகம் இல்லை.

2016-ல் பெர்னி சாண்டர்ஸ் செய்தது இரண்டுங்கெட்டான். ஜூன் 7-க்குள் ஹிலாரிக்குத் தேவையானது கிடைத்துவிட்டது, சாண்டர்ஸ் ஆதரவு சொன்னது ஜூலை 12. சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது, அந்த ஐந்து வாரத்தில் கட்சியின் கொள்கை அறிக்கையில் 15 டாலர் குறைந்தபட்சக் கூலியைச் சேர்க்க வைத்தார், சூப்பர் டெலிகேட் முறையைத் திருத்த ஒரு குழு அமைக்க வழி செய்தார், 2018-ல் முதல் சுற்று வாக்கெடுப்பில் அவர்கள் ஓட்டுப் போடுவதே நிறுத்தப்பட்டது. உருப்படியான வேலை. ஆனால் ஐந்து வாரம் அவரது ஆட்கள் சூடாகவே இருந்தார்கள், மாநாட்டுக்குச் சற்று முன் விக்கிலீக்ஸ் கட்சியின் மின்னஞ்சல்களைக் கொட்டியபோது அந்தச் சூட்டில் எண்ணெய் விழுந்த மாதிரி ஆயிற்று, மாநாடு நடந்த ஃபிலடெல்ஃபியாவில் அரங்கத்திலேயே சாண்டர்ஸ் பெயரைச் சொல்லிக் கூச்சல். நவம்பரில் மிச்சிகன் போனது 10,704 ஓட்டில். அந்த 10,704-க்கு யார் காரணம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், நான் சாண்டர்ஸ் தலையில் கட்ட மாட்டேன். 2020-ல் அவரே ஏப்ரல் 8 அன்று நிறுத்தி, ஏப்ரல் 13 அன்று பைடனுக்கு ஆதரவு சொன்னார் என்பதை மட்டும் கவனியுங்கள். கொரோனா ஒரு காரணம். ஆனால் பெயர் வாக்குச் சீட்டில் இருக்கும், டெலிகேட் சேரும், பிரசாரம் மட்டும் இல்லை என்று அந்த முறை போட்ட ஏற்பாடு 2016-ஐ விடப் புத்திசாலித்தனமானது. இரு தரப்பும் சேர்ந்த கொள்கைக் குழுக்களில் சண்டை இல்லாமலே பலது நுழைந்தது.

இனி ஜூன். ஹிலாரி எடுத்த வழி. 2008 ஜூன் 3 அன்று கடைசியாக மான்டனாவும் தெற்கு டகோட்டாவும் ஓட்டுப் போட்டன, அன்று ஒபாமா தேவையான எண்ணிக்கையைத் தாண்டினார், ஜூன் 7 அன்று ஹிலாரி நிறுத்திக்கொண்டு அதே மேடையில் ஒபாமாவுக்கு ஓட்டுக் கேட்டார். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் மாநிலம் மாநிலமாக எண்ணிக்கொண்டு வந்தபோது நியூ யார்க் முறை வந்ததும் அவரே எழுந்து, எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்கச் சொன்னார். 1980 மேடைக்கு நேர் எதிர்.

மூன்று மாதம் கூடுதலாக நின்றதால் ஒபாமாவுக்கு என்ன நஷ்டம்? மெக்கெயின் மார்ச் 4 அன்றே தன் கட்சியில் ஜெயித்து மூன்று மாதம் காலியாக இருந்தார் என்பது நிஜம். ஆனால் ஒபாமாவின் ஆட்கள் அந்த மூன்று மாதத்தில் வழக்கமாகப் பிரைமரி எட்டிப் பார்க்காத மாநிலங்களில் எல்லாம் அலுவலகம் திறந்தார்கள், வாக்காளர் பட்டியல் சேர்த்தார்கள். நவம்பரில் இந்தியானாவை 28,000 சொச்சம் ஓட்டில் ஜெயித்தார், 1964-க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர். வட கரோலினா சுமார் 14,000 ஓட்டில், 1976-க்குப் பிறகு முதல் முறை. மே மாதச் சண்டை நடக்காமல் இருந்திருந்தால் இந்த இரண்டும் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஹிலாரிக்கும் வெளியுறவு அமைச்சர் பதவி கிடைத்தது.

ஆனால் நிற்பது வேறு, நின்றுகொண்டு என்ன பேசுவது என்பது வேறு. இதில் ஹிலாரிக்குப் பாதி மதிப்பெண்கூடத் தர முடியாது. மார்ச்சில், தனக்கும் மெக்கெயினுக்கும் வாழ்நாள் அனுபவம் இருக்கிறது, ஒபாமாவிடம் 2002-ல் பேசிய ஒரு பேச்சு இருக்கிறது என்ற அர்த்தத்தில் சொன்னார், அதாவது எதிர்க்கட்சிக்காரரைத் தன் கட்சிக்காரரை விட மேலே தூக்கி வைத்தார். மேயில் ஒரு பேட்டியில் உழைக்கும் வெள்ளையர்கள் தன் பக்கம் என்று கணக்குச் சொன்னார். அதே மாதம், ராபர்ட் கென்னடி ஜூனில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதைத் தான் நிற்பதற்கு உதாரணம் காட்டிவிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. இவையெல்லாம் காலண்டர் பிரச்சினை இல்லை, வாய்ப் பிரச்சினை.

வாய் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு 1988 இருக்கிறது. ஏப்ரலில் நியூ யார்க் விவாதத்தில் அல் கோர், மாசசூசெட்ஸ் சிறைக்கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு கொடுத்த திட்டத்தைப் பற்றி, ஜனநாயகக் கட்சிப் போட்டியில் முன்னால் இருந்த அந்த மாநில ஆளுநர் டுகாகிஸை ஒரு குத்துக் குத்தினார். கோர் அந்த மாதமே காணாமல் போனார். அந்தக் குத்து போகவில்லை, தேர்தல் நேரத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் புஷ் தரப்பு அதை எடுத்து டுகாகிஸைப் புதைத்தது. சீக்கிரம் விலகியவர்தான், இருந்தும் சேதம் அவருடையதுதான் பெரிது. அதே வருடம் ஜெஸ்ஸி ஜாக்சன் மாநாடு வரை நின்றார், சுமார் 70 லட்சம் ஓட்டு வாங்கியிருந்தார், விலையாகக் கேட்டது விதி மாற்றம்: ஜெயித்தவருக்கே கூடுதல் என்ற மாநில ஏற்பாடுகள் ஒழிந்து விகிதப் பங்கீடு எல்லா இடத்திலும் வரட்டும் என்றார். வந்தது. இருபது வருடம் கழித்து, நியூ ஜெர்சியில் தோற்ற ஒபாமாவுக்கு 48 டெலிகேட் கிடைத்ததற்கு அந்த விதிதான் காரணம். மாநாடு வரை நின்றவர்களில் எனக்குக் குறை சொல்லத் தோன்றாத ஒரே ஆள் ஜாக்சன். அவர் முன்னால் இருப்பவரைக் கவிழ்க்கப் போகவில்லை, பேரம் பேசப் போனார்.

'முன்னால் இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று காப்பீட்டு வாதம் ஒன்று எப்போதும் வரும். அதற்கு நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை, பிரசாரத்தை நிறுத்தி வைத்துவிட்டுச் சேர்ந்த டெலிகேட்டுகளோடு உட்கார்ந்திருக்கலாம். அதுவும் பலிப்பதில்லை. 2024-ல் நிஜமாகவே ஆயிற்று, ஜூலை 21 அன்று பைடன் விலகினார். அவரை எதிர்த்துப் பிரைமரியில் நின்ற டீன் ஃபிலிப்ஸ் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்பாளர் ஆனது 2019 டிசம்பரிலேயே கடையைக் கட்டிய கமலா ஹாரிஸ்.

பணத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பின்தங்கியவர்களை விலக வைப்பது டெலிகேட் இல்லை, அதுதான். ஹிலாரி பிப்ரவரிக்குள் 50 லட்சம் டாலர் சொந்தப் பணத்தைக் கடனாகப் போட்டிருந்தார், மே தொடக்கத்துக்குள் இன்னும் 64 லட்சம். கடைசியில் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் போட்டது திரும்பவே இல்லை. அப்போதைய சட்டப்படி தேர்தல் முடிந்த பிறகு வசூலிக்கும் நன்கொடையிலிருந்து வேட்பாளர் தன் கடனுக்கு 2,50,000 டாலருக்கு மேல் எடுக்க முடியாது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை ரத்து செய்தது, செனட்டர் டெட் குரூஸ் தொடுத்த வழக்கு. மற்றவர்களுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தீர்க்க ஹிலாரி தரப்புக்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. ஜூன் வரை நிற்க ஆசைப்படுகிறவர் சின்னச் சின்ன நன்கொடைகளில் ஓட முடிந்தால் நிற்கட்டும், சொந்தச் செக்கில் நிற்பதாக இருந்தால் வேண்டாம். 2012-ல் நியூட் கிங்ரிச் மே வரை இழுத்து, 40 லட்சம் டாலருக்கு மேல் பாக்கியோடு போனார், கடன் கொடுத்த சின்ன வியாபாரிகள் பல வருடம் காத்துக் கிடந்தார்கள்.

ஆக, ஜனநாயகக் கட்சியில் 30, 40 சதவீதம் வாங்கிக்கொண்டிருப்பவராக இருந்தால் ஜூன் வரை நில்லுங்கள், உங்கள் பெருமையைப் பேசுங்கள், கடைசி மாநிலம் எண்ணி முடித்த வாரமே விலகுங்கள் என்பேன். குடியரசுக் கட்சிக்கு இதே யோசனை பொருந்தாது. அங்கே பல மாநிலங்களில் முதலாவது வந்தவருக்கே எல்லாம் அல்லது பெரும்பங்கு, எனவே இரண்டாமிடம் என்பது பெரும்பாலும் பூஜ்யம். 2024-ல் நிக்கி ஹேலி நியூ ஹாம்ப்ஷயரில் 43 சதவீதம் வாங்கினார், சொந்த மாநிலமான தெற்கு கரோலினாவில் கிட்டத்தட்ட 40, ஜெயித்தது வாஷிங்டன் டி.சி.யும் வெர்மான்ட்டும் மட்டும், மார்ச் 6 அன்று நிறுத்தினார். அது சரியான நேரம்தான். நிறுத்திய பிறகும் ஏப்ரலில் பென்சில்வேனியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருக்குப் போட்டார்கள், ஒரு டாலர் செலவில்லாமல் நின்ற பலன் கிடைத்துவிட்டது.

சொந்த மாநிலத்தில் தோற்பதற்கு முன் போவதா பின் போவதா என்பது இன்னொரு தலைவலி. ரிக் சான்டோரம் 2012-ல் பென்சில்வேனியா பிரைமரிக்கு இரண்டு வாரம் முன் விலகி அந்த அவமானத்திலிருந்து தப்பித்தார். மார்கோ ரூபியோ 2016-ல் ஃபுளோரிடா வரை காத்திருந்து டிரம்பிடம் படுதோல்வி அடைந்து அன்றிரவே விலகினார், அப்படியும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை, அதே ஆண்டு செனட்டுக்கு மறுபடி ஜெயித்தார், 2025-ல் அதே டிரம்பின் வெளியுறவு அமைச்சர். அதே பந்தயத்தில் ஜான் கேசிக் தன் சொந்த ஒஹையோவை மட்டும் ஜெயித்துவிட்டு மே 4 வரை நின்றார். அன்று அவர் கையில் இருந்த டெலிகேட்டுகள், மார்ச் நடுவிலேயே வீட்டுக்குப் போய்விட்ட ரூபியோவுடையதை விடக் குறைவு.